கணிப்பொறியில் முளைக்கும் கோரை

வயலில் கோரை பிடுங்கிப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தாளைப் பற்றி இழுத்தால் அது கையோடு வந்துவிடும். நிலமும் சுத்தமானது போலத் தோன்றும். ஆனால் மண்ணுக்கடியில் சங்கிலி போல் கோத்துக் கிடக்கும் கிழங்குகளில் ஒன்று மிஞ்சினாலும் போதும், சில நாட்களில் அங்கே மறுபடியும் பச்சை தெரியும். வீட்டுக் கணிப்பொறியில் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒருவகை நிரல்களும் இத்தகையவையே.

மாணவர்களே, இந்த அனுபவம் உங்களுக்கும் நேர்ந்திருக்கலாம். ஒரு படக்கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்காக இலவச நிரல் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி நிறுவுகிறீர்கள். வேலை முடிகிறது. மறுநாள் உலாவியைத் திறந்தால், வழக்கமான முகப்புப் பக்கத்துக்குப் பதிலாகப் பெயர் தெரியாத தேடல் பக்கம் ஒன்று நிற்கிறது. எதைத் தேடினாலும் முதலில் விளம்பரங்களே வருகின்றன. அமைப்புகளுக்குள் சென்று பழைய பக்கத்தையே மீண்டும் குறிக்கிறீர்கள், சரியாகிவிடுகிறது. கணிப்பொறியை நிறுத்தி மறுபடி இயக்கினால், மீண்டும் அதே அந்நியப் பக்கம்!

இதை வைரஸ் என்று சொல்லிவிடுவது வழக்கம். அது சரியன்று. வைரஸ் தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொண்டு பிற கோப்புகளில் தொற்றுவது. யாருடைய அனுமதிக்கும் அது காத்திருப்பதில்லை. நாம் இங்கு பேசும் நிரலோ நம்மிடம் அனுமதி வாங்கிக்கொண்டே உள்ளே வருகிறது. ஆகவேதான் கணிப்பொறிப் பாதுகாப்புத் துறையினர் இதற்கு ‘வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல்’ என்று தயங்கித் தயங்கி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. விளம்பரம் காட்டும் நிரல்களை வழங்கிவந்த ஜாங்கோ என்ற அமெரிக்க நிறுவனம், தன் நிரலைத் தடுத்ததற்காகக் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் மேல் வழக்கே தொடுத்தது. 2009-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கியின் பக்கம் தீர்ப்பளித்தது.

அனுமதி வாங்கும் விதத்தைப் பார்ப்போம். நிரலை நிறுவும்போது ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று நாம் அழுத்திக்கொண்டே போகிறோம். இடையில் ஒரு திரையில் சிறிய கட்டம் ஒன்று இருக்கும். அதில் முன்கூட்டியே டிக் குறி போடப்பட்டிருக்கும். ‘இந்தத் தேடல் பட்டையையும் நிறுவுக’ என்பது அதன் பொருள். குறியை நீக்காமல் கடந்தால் சம்மதித்ததாகக் கணக்கு. இப்படி நிறுவப்படும் ஒவ்வொரு பிரதிக்கும் இடைத்தரகருக்குக் காசு கிடைக்கிறது. நல்ல நிரலை எழுதியவருக்கே இது தெரியாமல் நடப்பதும் உண்டு. வலையமைப்புகளை ஆராய உதவும் ‘என்மேப்’ என்ற இலவச நிரலை உருவாக்கிய கார்டன் லியான், 2011 டிசம்பரில் வெளிப்படையாகப் புகார் செய்தார். டவுன்லோட்.காம் என்ற தளம் அவருடைய நிரலின் மேல் தன் சொந்த உறையைச் சுற்றி, தேடல் பட்டையைச் சேர்த்து முகப்புப் பக்கத்தையும் மாற்றும்படி செய்து வழங்கியது என்பது அவர் குற்றச்சாட்டு. எந்த நிரலானாலும் அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே இறக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சரி, உள்ளே வந்தது எப்படி நிலைத்திருக்கிறது? கணிப்பொறி எழுதிவைத்ததைத்தான் செய்யும். முகப்புப் பக்கம் மறுபடி மாறுகிறது என்றால், மாற்று என்ற ஆணை எங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்றே பொருள். அந்த ‘எங்கோ’வைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

விண்டோஸ் இயங்கத் தொடங்கியதும், உடன் தொடங்க வேண்டிய நிரல்களின் பட்டியலைப் படிக்கிறது. அதில் ஒரு பகுதி ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் பெரிய குறிப்பேட்டில் இருக்கிறது. கோரையின் முதல் கிழங்கு இங்கே. இரண்டாவது, ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்ற நேர அட்டவணை. இன்ன நேரத்தில் இன்ன வேலையைச் செய் என்று இதில் எழுதி வைக்கலாம். நல்ல நிரல்கள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ள இதைப் பயன்படுத்துகின்றன, வேண்டாதவை தம்மை மீண்டும் நட்டுக்கொள்ளப் பயன்படுத்துகின்றன. மூன்றாவது, உலாவியில் சேர்க்கப்படும் ‘எக்ஸ்டென்ஷன்’ எனும் இணைப்பு நிரல். நான்காவது சற்று வேடிக்கையானது: நீங்கள் இருமுறை தட்டித் திறக்கும் உலாவியின் குறும்படத்திலேயே, உலாவியின் பெயருக்குப் பின்னால் ஓர் இணைய முகவரியை ஒட்டிவிடுவார்கள். அமைப்புகளில் எல்லாம் சரியாக இருக்கும். திறந்தால் மட்டும் அந்தப் பக்கம் வரும்! குறும்படத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்டீஸ்’ சென்று, ‘டார்கெட்’ என்ற வரியின் கடைசியைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

இவை ஒன்றையொன்று காப்பாற்றவும் கூடும். நேர அட்டவணையில் உள்ள ஆணை, இணைப்பு நிரல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி நிறுவும். நீங்கள் இணைப்பு நிரலை மட்டும் நீக்கினால் தாளை மட்டும் பிடுங்கியவர் ஆவீர்கள்.

நீக்கத் தொடங்குமுன் இரண்டு காரியங்கள். முக்கியமான கோப்புகளைப் புறச்சேமிப்பில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எதை எப்போது மாற்றினீர்கள் என்று எழுதிக்கொண்டே போங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரே சமயத்தில் இரண்டு அளவுகளை மாற்றிவிட்டு, எதனால் முள் நகர்ந்தது என்று விழிக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இங்கும் அதே கதைதான். வேலை முடியும் வரை அந்தக் கணிப்பொறியில் வீட்டாரின் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

முதலில் ‘செட்டிங்ஸ்’ சென்று, ‘ஆப்ஸ்’ பிரிவில் நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளன்று வந்தவை எவை என்று தெரியும். புதுப்பிக்கப்பட்ட நல்ல நிரலும் அதே தேதியைக் காட்டக்கூடும். ஆகவே பெயரை விசாரித்து அறிந்த பின்பே ‘அன்இன்ஸ்டால்’ கொடுக்க வேண்டும். அப்போது வரும் திரைகளையும் நிதானமாகப் படியுங்கள். ‘வைத்துக்கொள்’ என்பது பளிச்சென்றும் ‘நீக்கு’ என்பது மங்கலாகவும் இருப்பது அவர்கள் கைவந்த கலை. நிரலின் கோப்புறையை நேரடியாக அழித்துவிடுவது முறையன்று. நீக்கும் கருவியும் அதனுடன் அழிந்து, ஆணைகள் மட்டும் அநாதையாக மிஞ்சும்.

அடுத்து, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதன் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் சந்தேகப்படும் நிரலை அழித்துவிடாமல் ‘டிஸேபிள்’ மட்டும் செய்யுங்கள். தவறாகிவிட்டால் திரும்ப இயக்கலாம். டாஸ்க் ஷெட்யூலரிலும் இவ்வாறே. பின்னர் உலாவியின் இணைப்பு நிரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கைவைக்க வேண்டாம். அங்கு தவறான ஒரு வரியை நீக்கினால் விண்டோஸே எழாமல் போகலாம். இந்த இடங்களில் பலவற்றை ஒரே திரையில் காட்டும் ‘ஆட்டோரன்ஸ்’ என்ற இலவசக் கருவியை மைக்ரோசாப்ட் வழங்குகிறது. பட்டியலின் நீளத்தைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். அதில் பெரும்பாலானவை விண்டோஸுக்கும் பிற நல்ல நிரல்களுக்கும் தேவையானவை.

கடைசியாக, இத்தகைய நிரல்களுக்கென்றே உள்ள ‘ஆட்வ்கிளீனர்’ போன்ற கருவியால் ஒருமுறை சோதியுங்கள். விண்டோஸின் பாதுகாப்புப் பகுதியிலேயே வேண்டாத நிரல்களைத் தடுக்கும் ஒரு விசை இருக்கிறது. அது இயக்கத்தில் உள்ளதா என்றும் பாருங்கள்.

விளம்பரத் தொல்லைக்கு இவ்வளவு பாடா என்று நீங்கள் கேட்கலாம். 2014-15-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லெனோவோ நிறுவனம் விற்ற சில மடிக்கணிப்பொறிகளில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற நிரல் தொழிற்சாலையிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. நீங்கள் பார்க்கும் பக்கங்களுக்கிடையே பொருள்களின் விளம்பரங்களைச் செருகுவது அதன் வேலை. ஆனால் வங்கிகளின் பக்கங்களும் பல தேடல் பக்கங்களும் மறைகுறியாக்கப்பட்டு வருகின்றன. நடுவில் எவரும் எதையும் செருக முடியாது. அனுப்புபவர் உண்மையானவர்தானா என்பதை உலாவி ஒரு சான்றிதழைக் கொண்டு சரிபார்க்கிறது. அந்தச் சான்றிதழை நம்பலாமா என்பதற்கோ, கணிப்பொறியில் உள்ள ‘மூலச் சான்றிதழ்’ பட்டியலைப் பார்க்கிறது. ஊர்ப் பத்திரங்களில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர்களின் மாதிரிக் கையெழுத்துப் பட்டியல் போன்றது அது. சூப்பர்ஃபிஷ் என்ன செய்தது தெரியுமா? அந்தப் பட்டியலில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டது! பிறகு வங்கியின் பக்கத்தை இடையிலேயே பிரித்து, தானே கையெழுத்திட்ட போலிச் சான்றிதழுடன் உலாவிக்குத் தந்தது. உலாவியும் நம்பிப் பூட்டுச் சின்னத்தைக் காட்டியது.

இதைவிட மோசமானது, எல்லாக் கணிப்பொறிகளிலும் கையெழுத்திடும் இரகசியச் சாவி ஒன்றாகவே இருந்தது. 2015 பிப்ரவரியில் ராபர்ட் கிரஹாம் என்ற ஆய்வாளர், அந்தச் சாவியைக் காத்த கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார். ‘கொமோடியா’ என்பதே அச்சொல்; பக்கங்களை இடைமறிக்கும் பகுதியை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரே அது. சாவி கையில் இருப்பவர், பொது இடத்து இணைய இணைப்பில் நமக்கருகே அமர்ந்து, வங்கியாகவே நடிக்க முடியும்.

நம் பாடத்துக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான். விவரமறிந்த பலர் சூப்பர்ஃபிஷ் நிரலை முறைப்படி நீக்கினார்கள். விளம்பரங்களும் நின்றன. ஆனால் மூலச் சான்றிதழ் பட்டியலில் அதன் பெயர் அப்படியே இருந்தது. நிரல் போன பின்னும் ஆபத்து போகவில்லை. சான்றிதழையும் சேர்த்து நீக்கும் தனிக் கருவியை லெனோவோ பின்னர் வெளியிட்டது. 2017 செப்டம்பரில் இவ்வழக்கில் அமெரிக்க வணிக ஆணையத்துடன் அது உடன்பாடு செய்துகொண்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘உங்கள் கணிப்பொறியில் வைரஸ்கள் உள்ளன’ என்று திரையின் மூலையில் அடிக்கடி எச்சரிக்கை தோன்றினால், அது நிரலாகவே இல்லாமல் இருக்கலாம். ஏதோ ஒரு தளம் அறிவிப்பு காட்ட அனுமதி கேட்டபோது, படிக்காமல் ‘அல்லோ’ அழுத்தியதன் விளைவு அது. உலாவியின் ‘நோட்டிபிகேஷன்’ அமைப்பில் அத்தளத்தின் பெயரை நீக்கினால் நின்றுவிடும். அந்த எச்சரிக்கை சொல்லும் ‘சுத்தம் செய்யும்’ நிரலுக்கு அப்பாவின் கைப்பேசியிலிருந்து பணம் கட்டிவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் முகப்புப் பக்கத்தை உங்கள் விருப்பப்படி குறித்து, கணிப்பொறியை நிறுத்தி, மீண்டும் இயக்கிப் பாருங்கள். பக்கம் மாறவில்லையா? தேதியை நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஏழு நாட்களும் தினமும் ஒருமுறை பார்த்துக் குறியுங்கள். வாரம் ஒருமுறை இயங்கும் ஆணை ஏதேனும் நேர அட்டவணையில் தப்பியிருந்தால், அதற்குள் அதுவும் தலைகாட்டிவிடும்.