ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

மாணவர்களே, பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு விமானம் பழுதுபார்க்கப்பட்ட பின், பறக்கத் தகுந்தது என்று கையெழுத்திடுபவர் யார்? உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர்.

இத்துறையில் பயிலும் இளைஞர்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் 'வேர்ல்ட் ஸ்கில்ஸ்' உலகத் தொழில்திறன் போட்டியில் தனிப் பிரிவே உண்டு. 2024இல் இப்போட்டி பிரான்சின் லியோன் நகரில் நடந்தது. இப்பிரிவில் 25 வயது வரை கலந்துகொள்ளலாம். உலோகத் தகட்டைச் செப்பனிடுதல், குறைகளைக் கண்டறிதல் போன்ற பணிகளைக் கையேடு சொல்லும் முறைப்படி, குறித்த நேரத்துக்குள் செய்து காட்ட வேண்டும். வேகம் மட்டும் போதாது; அளவு பிசகக்கூடாது.

முறுக்குவிசை

போல்ட்டை இறுக்குவது முறுக்குவிசை. அதன் சூத்திரம் எளிது:

முறுக்குவிசை = விசை × ஸ்பேனரின் நீளம்

0.25 மீட்டர் ஸ்பேனரின் முனையில், அதற்குச் செங்குத்தாக 80 நியூட்டன் விசை கொடுத்தால் முறுக்குவிசை 20 நியூட்டன் மீட்டர். அதே விசையை 0.5 மீட்டர் ஸ்பேனரில் கொடுத்தால் 40! தளர்வான போல்ட் அதிர்வில் கழன்றுவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் நீண்டு முறியும். ஆகவே கைக்கணக்கை நம்பாமல், முறுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பேனரைப் பயன்படுத்துகிறார்கள். சில இடங்களில் போல்ட்டின் தலைக்குப் பூட்டுக் கம்பியும் கட்டுவார்கள். போல்ட் தளர முயன்றால், கம்பி அதை இறுகும் திசைக்கே இழுக்கும்.

0.66 மில்லிமீட்டர்

1990 ஜூன் 10 அன்று, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று சுமார் 5,300 மீட்டர் உயரத்தில் பறந்தபோது விமானி அறையின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. சக ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தைத் தரையிறக்கினார். விமானத்தில் இருந்த 87 பேரும் உயிர் பிழைத்தனர்.

காரணம் என்ன? முன்கண்ணாடியை மாற்றியபோது, உதிரிபாகப் பட்டியலைப் பார்க்காமல் பழைய போல்ட்டுடன் ஒப்பிட்டே புதியவற்றை எடுத்திருந்தனர். 90 போல்ட்டுகளில் 84, தேவையானதைவிட 0.66 மில்லிமீட்டர் மெலிந்தவை. மீதி ஆறும் நீளம் குறைந்தவை.

பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பது வேறு. ஒன்றாகவே இருப்பது வேறு. போட்டியில் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறினால் மதிப்பெண் போகும். வானில் உயிரே போகலாம்.

செய்து பாருங்கள்: 30 நியூட்டன் மீட்டர் தேவைப்படும் போல்ட்டை 0.3 மீட்டர் ஸ்பேனரால் இறுக்க எவ்வளவு விசை வேண்டும்?

விடை: 100 நியூட்டன்.