பழம் போட்டால் பாயசம் திரியுமா?

கேள்வி: பௌர்ணமி கிரிவலம் முடிந்ததும், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கூடிச் சாப்பிடுவோம். அரிசிப் பாயசத்தில் பழம் சேர்த்தால் திரிந்துவிடுமா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: 14 கிலோமீட்டர் நடந்து வருகிறவர்களுக்குக் குளிர்ந்த பால் பாயசத்தைவிட இதமானது வேறில்லை. தாராளமாகச் செய்யுங்கள். ஒரு லிட்டர் பாலுக்கு 60 கிராம் பச்சரிசி போதும். அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் சர்க்கரை. முந்திக்கொண்டு போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும். ஆறினால் இறுகும் என்பதால், தளர இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள்.

பழத்தின் புளிப்பும் பாலின் சூடும் சேர்ந்தால் எளிதில் திரியும். அதனால் மாதுளை முத்து, சப்போட்டா, வாழைப்பழம் எல்லாம் பரிமாறும் நேரத்தில், குளிர்ந்த பாயசத்தில் சேரட்டும். பச்சை அன்னாசி மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசக்க வைக்கும். பிள்ளைகள் ஆசைப்பட்டால், சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் போடலாம்.

இன்னொன்று, மலையைச் சுற்றிவர நாலைந்து மணி நேரமாவது ஆகும். அதுவரை பாயசம் மேடையில் இருக்கக் கூடாது. அகலமான பாத்திரத்தில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டே புறப்படுங்கள்.