குளிர் வருமுன்: பெலட் ஹைசுங் வைத்திருப்போர் கவனத்துக்கு

சுவிஸிலும் ஜேர்மனியிலும் பெலட் ஹைசுங் (மரத்தூள் உருளைகளை எரிக்கும் வெப்பமூட்டி) உள்ள வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு:

செப்ரெம்பர் முடியப்போகிறது. முதல் குளிர் இரவில் ஹைசுங் எரியவில்லை என்று ஆள் தேடி அலையாமல், இந்த வாரமே அரை நாள் ஒதுக்குங்கள். மெயின் சுவிட்சை நிறுத்தி, இயந்திரம் முற்றாக ஆறிய பின் தொடங்குங்கள்.

- எரிகிண்ணம்: இறுகிய கசடைச் சுரண்டி எடுங்கள். காற்றுத் துளைகள் அடைபட்டால் தீ சோம்பி எரியும், கரி படியும்.
- வெப்பமாற்றிக் குழாய்கள்: தூரிகையால் தேய்த்துச் சாம்பலை இறக்குங்கள்.
- கதவு நாடா: ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தாள் இலகுவாக வந்தால் நாடாவை மாற்றுங்கள்.
- புகைபோக்கி: அதற்குரிய தொழிலாளரை அழையுங்கள். நீங்கள் ஏறவேண்டாம்.
- சாம்பல்: மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே வையுங்கள். சாம்பலுக்குள் தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். வீட்டு வாக்யூம் கிளீனரும் வேண்டாம்.
- பெலட்: ஈஎன்பிளஸ் ஏ1 தரம் வாங்குங்கள். அதில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

இனிச் சொல்வதை இரண்டு தரம் வாசியுங்கள்.

புதுப் பெலட் வருமுன் பெலட் கிடங்கு அறையில் கிடக்கும் தூளைக் கூட்டவேண்டும் என்று பலர் இப்போதுதான் உள்ளே இறங்குவார்கள். அந்த அறையில் காபனோரொட்சைட்டு இருக்கலாம். நிறமில்லை, மணமில்லை. “அடுப்பே எரியவில்லை, நச்சுவாயு எங்கிருந்து வரும்?” என்று கேட்காதீர்கள். பெலட்டிலிருந்தே வரும். மரத்திலுள்ள கொழுப்பமிலங்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு தாக்கமுறும்போது இவ்வாயு உண்டாகிறது. புதிதாக இறக்கிய பெலட்டில், முதல் சில வாரங்களில், இது அதிகம். 2010இல் ஜேர்மனியில் ஒரு பொறியியலாளரும், 2011இல் சுவிஸில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் பெரிய பெலட் கிடங்குகளுக்குள் போய் இறந்தார்கள். இருவரும் தீக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

ஆகவே, ஹைசுங்கை நிறுத்துங்கள். கிடங்குக் கதவைத் திறந்து குறைந்தது 15 நிமிடம் காற்றோட விடுங்கள். பெரிய கிடங்கென்றால் காபனோரொட்சைட்டு அளவுமானி இல்லாமல் கால் வைக்காதீர்கள். வெளியே ஒருவர் கட்டாயம் நிற்கவேண்டும். தனியாகப் போகாதீர்கள். “இரண்டு நிமிட வேலைதானே” என்பவருக்கும் இதே விதிதான். முகத்தில் கட்டும் தூசு மாஸ்க் இந்த வாயுவைத் தடுக்காது.

உள்ளே போனவர் மயங்கினால், பின்னால் ஓடாதீர்கள். ஓடினால் இரண்டு உடல்களைத்தான் வெளியே எடுக்கவேண்டிவரும். கதவை அகலத் திறந்துவிட்டு, ஜேர்மனியில் 112ஐயும், சுவிஸில் 118 அல்லது 144ஐயும் அழையுங்கள். நச்சுவாயு என்று சொல்லுங்கள்.

கிடங்கின் காற்றோட்ட மூடிகளைக் குளிருக்காகத் துணி வைத்து அடைத்திருந்தால் இன்றே எடுங்கள். கிடங்குக் கதவைப் பூட்டி, சாவியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வாயு அபாயம் என்று கதவிலே தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மா அப்பாவுக்கு ஜேர்மன் மொழி அறிவித்தல் விளங்காது.