எஞ்சினில் கரி நீக்குதலும் பேக்கிங் மாற்றுதலும்

நம் கிராமங்களில் மாட்டு வண்டி ஆற்றி வந்த சில்லறைப் பணிகளுள் பலவற்றை மொபெட் ஏற்றுக்கொண்டு நெடுநாளாகிறது. விடியற்காலையில் பால் கேன், பகலில் உர மூட்டை, மாலையில் பசும்புல் கட்டு என்று அது சுமக்காத பொருள் இல்லை. 1980-ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது முதல் பல்லாண்டுகள் இவ்வகை வண்டிகளில் டூ ஸ்ட்ரோக் எஞ்சினே பொருத்தப்பட்டு வந்தது. 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுடன் எக்ஸ்.எல். 100 வந்தது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை விதிகளுக்குப் பின் பழைய வகை வண்டி புதிதாகக் கிடைப்பதில்லை. ஆயினும் முன்பே வாங்கிய வண்டிகள் வயல் வரப்போரங்களில் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. முதுகில் சுமந்து பயிருக்கு மருந்தடிக்கும் விசைத் தெளிப்பான்கள் பலவற்றிலும் இதே வகை எஞ்சின்தான் உள்ளது. எனவே இதனைப் பேணும் முறையை விவசாயிகள் அறிந்திருத்தல் இன்னும் பயனுடையதே.

வண்டி மேடு ஏறவில்லை, புகை மிகுதியாக வருகிறது என்று பட்டறைக்குக் கொண்டுசென்றால், "போர் போட வேண்டும், பிஸ்டன் மாற்ற வேண்டும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. சில வேளைகளில் அது மெய்யாகவும் இருக்கும். ஆனால் பல வண்டிகளில் உள்ள குறை தேய்மானம் அன்று. எஞ்சினின் மேற்பகுதியில் படிந்த கரியே ஆகும். அதனை அரை நாளில் அகற்றிவிடலாம். கரியை நன்கு சுரண்டிவிட்டு, மூட்டுகளைக் காற்றுப் புகாதபடி அடைக்கத் தவறினால், சுத்தம் செய்யாத எஞ்சினைவிடச் சுத்தம் செய்த எஞ்சின் விரைவில் கெடும். இது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகள் இல்லை. சிலிண்டரின் சுவரில் வெட்டப்பட்ட துவாரங்களைப் பிஸ்டனே மேலும் கீழும் சென்று திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே செல்லும்போது அதன் அடியில் உள்ள கிராங்க் அறையில் வெறுமை உண்டாகிறது; பெட்ரோலும் எண்ணெயும் கலந்த காற்று கார்புரேட்டர் வழியே அதற்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அமுக்கப்பட்டு, பக்கத் துவாரங்கள் வழியே மேலேறுகிறது. சுருங்கச் சொன்னால், எஞ்சினின் அடிப்பகுதி ஒரு காற்றுப் பம்பு. நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் இந்தப் பம்பு நொடிக்கு ஏறத்தாழ 67 முறை இழுத்துத் தள்ளுகிறது.

நீர் இறைக்கும் பம்பின் உறிஞ்சு குழாயில் ஊசித்துளை இருந்தால் என்ன நிகழும் என்பதை விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நீருக்குப் பதில் காற்றை இழுக்கும். இங்கும் அவ்வாறே. சிலிண்டர் அமர்ந்திருக்கும் அடி மூட்டில் சிறு கசிவு இருந்தாலும், எஞ்சின் கார்புரேட்டர் வழியே இழுக்க வேண்டியதில் ஒரு பகுதியை வெறுங்காற்றாக வெளியிலிருந்து இழுத்துக்கொள்ளும். அப்போது பெட்ரோல் குறைவதால் எரிதலின் வெப்பம் ஏறுகிறது. இவ்வகை எஞ்சினுக்கு மசகெண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே வருவதால், எண்ணெயும் உடன் குறைகிறது. வெப்பம் ஏற வேண்டிய நேரத்தில் எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். பட்டறைகளில் "எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது" என்று சொல்வது இதனைத்தான்.

நம் ஒன்றியத்தில் பால் சங்கத்துக்குப் பால் கொண்டுசெல்லும் ஒருவரின் வண்டிக்கு இவ்வாறு நேர்ந்தது. பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் கரி நீக்கிக் கொடுத்தனர். ஹெட்டும் பிஸ்டனும் கண்ணாடிபோல் பளபளத்தன. இரண்டு நாள் வண்டி முன்னிலும் விரைவாக ஓடியது. மூன்றாம் நாள் காலை இரண்டு கேன் பாலுடன் நடுவழியில் இறுகி நின்றுவிட்டது. சங்கத்தில் பால் எடுக்கும் நேரமும் தவறியது. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனின் பக்கங்களில் நெடுங்கோடுகள் விழுந்திருந்தன. சிலிண்டரின் அடியில் மூலை கிழிந்த பழைய பேக்கிங்கே இருந்தது. ஒரு நாட் கூலிக்கும் குறைந்த விலையுள்ள பேக்கிங்கை மிச்சப்படுத்தியதால், பிஸ்டனும் போரும் அவர் தலையில் விழுந்தன.

ஆகவே பிரிப்பதற்கு முன் குறை எதுவென அறிதல் வேண்டும். வண்டி மெல்ல மெல்ல இழுவை இழந்து, பிளக் கருத்து, சைலன்சர் வாயில் கரி கட்டியிருந்தால் அது கரியின் அடையாளம். ஆக்ஸிலேட்டரை விட்ட பின்னும் எஞ்சின் வேகம் தணியாமல் தானே இரைந்து ஓடினால், பிளக்கின் முனை வெளுத்திருந்தால், சிலிண்டர் அடியில் எண்ணெய் ஈரம் தூசியுடன் படிந்திருந்தால் காற்றுக் கசிவை ஐயுறலாம். மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் கால் எளிதாக இறங்குகிறது, ஓடும்போது தட்டும் ஓசை கேட்கிறது என்றால் தேய்மானமாக இருக்கலாம். அதற்குப் பட்டறைதான் வழி.

வேலையை எஞ்சின் முற்றும் குளிர்ந்த பிறகே தொடங்க வேண்டும். சூட்டில் நட்டைக் கழற்றினால் அலுமினிய ஹெட் கோணிவிடும். முதலில் சிலிண்டரைச் சுற்றியுள்ள சேற்றையும் மணலையும் துடைத்து நீக்குக. உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல், படிந்திருந்த கரி முழுவதையும்விடக் கேடு விளைக்கும். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, சைலன்சரையும், சிலிண்டருடன் இணைந்திருந்தால் கார்புரேட்டரையும் அகற்றுக. ஹெட் நட்டுகளை ஒன்றுவிட்டு எதிர் மூலையில் ஒன்றாக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துக. ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் மரச்சுத்தியால் பக்கத்தில் மெல்லத் தட்டலாம். மூட்டுக்குள் ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்புவோர் அங்கேயே அடுத்த கசிவுக்கு வழி செய்துவிடுகின்றனர். சிலிண்டரைத் திருகாமல் நேராக உயர்த்தி, பிஸ்டன் முழுவதும் வெளிவருமுன் கிராங்க் அறையின் வாயைத் தூய துணியால் அடைத்துவிட வேண்டும்.

கரியைச் சுரண்ட இரும்பு கூடாது. மூங்கில் பத்தையைக் கூராகச் சீவி வைத்துக்கொண்டால் அதுவே சிறந்த கருவி. ஹெட்டின் உட்குழிவு, பிஸ்டனின் தலை, புகை வெளியேறும் துவாரம் ஆகிய மூன்றிடங்களில்தான் கரி மிகுதி. இவற்றுள் பலர் புறக்கணிப்பது மூன்றாவது. அத்துவாரம் அடைபட்டால் எரிந்த புகை முழுதும் வெளியேறாமல், புதுக் கலவைக்கு இடமில்லாமற் போகிறது. இழுவை குறைவதற்குப் பெருங்காரணம் அதுவே. துவாரத்தின் விளிம்பையோ சிலிண்டரின் உட்சுவரையோ கீறிவிடாமல் சுரண்டுக. ரிங்குகளை மெல்ல விரித்துக் கழற்றி, எது மேல் எது கீழ், எப்பக்கம் மேற்பக்கம் என்று அடையாளம் வைத்துக்கொண்டு, பள்ளங்களில் உள்ள கரியை உடைந்த பழைய ரிங் துண்டால் எடுக்கலாம். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி தயாரிப்பாளர் குறித்த அளவை மீறியிருந்தால் புது ரிங் போடுதல் நலம்.

சைலன்சரின் உட்குழாயைக் கம்பி பிரஷினால் தேய்த்துச் சுத்தம் செய்க. காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைக்கும் வழக்கமும் உண்டு. இரும்புச் சைலன்சருக்கு அது தகும். கையுறையும் கண்ணாடியும் இன்றி அதனைத் தொடலாகாது. ஹெட்டையோ பிஸ்டனையோ அதில் இட்டால் அலுமினியம் அரிக்கப்பட்டு வீணாகும். அவற்றைக் கழுவ மண்ணெண்ணெயோ டீசலோ போதும்.

இனி மூட்டுகளை அடைக்கும் பகுதிக்கு வருவோம். பழைய பேக்கிங்கின் துணுக்கு ஒன்றுகூட இராதபடி இரு முகங்களையும் துடைக்க வேண்டும். ஹெட்டின் முகம் சமமாக உள்ளதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. தடித்த கண்ணாடிப் பலகைமேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து, ஹெட்டை அதன்மேல் எட்டு என்ற எண்ணின் வடிவில் சில முறை தேய்த்துப் பார்த்தால், மேடான இடம் பளிச்சிடும். பள்ளம் கருத்தே நிற்கும். சிறு கோணலை அவ்வாறே தேய்த்துச் சரி செய்யலாம். சிலிண்டரின் அடி முகத்தை இப்படித் தேய்க்க இயலாது. அதன் நடுவே குழல் நீண்டிருக்கும். அங்கு எஃகு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். இரு பாதிகளாகச் செய்யப்பட்ட கிராங்க் அறையில் அப்பாதிகள் சேரும் கோட்டையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அவற்றின் இடையிலுள்ள பேக்கிங்கின் முனை துருத்தி நின்றால், மேலே வரும் பேக்கிங் சரியாக அமராது. கூரிய பிளேடினால் அம்முனையை முகத்தோடு சமமாக அரிந்துவிடுக. காற்றுக் கசியும் இடம் பெரும்பாலும் இந்தக் கோடே என்பது நம் அனுபவம்.

புதுப் பேக்கிங் அவ்வண்டிக்குரியதாகவும் அதே கனமுடையதாகவும் இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் வெட்டிய பேக்கிங்கைப் போட்டுவிட்டு "அடைத்தால் சரி" என்போர் உண்டு. அட்டை தடித்தால் சிலிண்டர் உயர்ந்துவிடும், துவாரங்கள் திறக்கும் நேரம் மாறும், அமுக்கமும் குறையும். பேக்கிங்கில் பக்க வழிகளுக்குரிய துளைகள் சிலிண்டரில் உள்ள துளைகளோடு பொருந்துகின்றனவா என்று போடுமுன் வைத்துப் பார்க்கவும். ஒட்டுப்பசையைப் பூசி மெழுகுவது தேவையற்றது. பூசியே ஆக வேண்டுமாயின் மிக மெல்லிய பூச்சே போதும். பிதுங்கும் பசை உட்சென்று கலவை வழியை அடைக்கும். ஹெட்டுக்குச் செப்புப் பேக்கிங் உள்ள எஞ்சினாயின், அதனைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இட்டால் செம்பு மீண்டும் இளகும். வளைவோ கீறலோ இல்லாதபோது மறுமுறையும் பயன்படும். காகிதப் பேக்கிங்கிற்கு மறுபிறவி கிடையாது.

பொருத்தும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகைத் துவாரத்தை நோக்க வேண்டும். பிஸ்டனைக் கழற்றியிருந்தால் பின்னைப் பிடிக்கும் வளையக் கிளிப்புகளைப் புதிதாகவே போடுக. அவை நழுவினால் சிலிண்டரையே உழுதுவிடும். ரிங் பள்ளத்தில் சிறு முளை ஒன்று உண்டு. ரிங்கின் முனைகள் துவாரத்தில் மாட்டி ஒடியாதபடி அவற்றை ஓரிடத்தில் நிறுத்துவது அம்முளையே. முனைகள் இரண்டும் அதன் இருபுறமும் அமர்ந்துள்ளனவா என்று பார்த்து, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் எண்ணெய் தடவி, சிலிண்டரைத் திருகாமல் நேராக இறக்குக. அதற்குமுன் அறை வாயில் வைத்த துணியை எடுக்க மறவாதீர். ஹெட் நட்டுகளைக் கழற்றிய முறைப்படியே எதிர் மூலைகளாக, மூன்று நான்கு தவணையில், டார்க் ஸ்பானரால் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். கைப்பலத்தை நம்பி இறுக்கினால் ஒன்று இறுகும், மற்றொன்று தளரும்.

எஞ்சினை ஓடவிட்டு அடி மூட்டையும் ஹெட் மூட்டையும் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவுக. குமிழி எழும் இடமே கசியும் இடம். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. சூடான எஞ்சின்மேல் அது தீக்கு அழைப்பு விடுப்பதாகும். பத்து நிமிடம் ஓடியபின் நிறுத்தி, முற்றும் ஆறவிட்டு, நட்டுகளை மீண்டும் அளவு பார்க்க வேண்டும். சில நாள் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை. புது ரிங் போட்டிருந்தால் முதல் சில நாட்கள் பார மூட்டைகளை ஏற்றாதிருத்தல் நலம்.

மீண்டும் கரி விரைவில் படியாமலிருக்க எண்ணெய்க் கலவையில் கருத்து வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. 40 மில்லி என்றால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. தம் எஞ்சினுக்கு எது உரியதென்று கைப்புத்தகத்தில் பார்த்து, மூடியால் உத்தேசமாக ஊற்றாமல் அளவுக் குவளையால் ஊற்றுக. கூடினால் கரி, குறைந்தால் இறுகல். டூ ஸ்ட்ரோக்குக்கு உரிய எண்ணெயன்றி, பம்பு செட்டில் வடித்த பழைய எண்ணெயை ஊற்றுவோர் தம் எஞ்சினுக்குத் தாமே குழி பறிக்கின்றனர்.

டார்க் ஸ்பானர், ஃபீலர் கேஜ், கண்ணாடிப் பலகை ஆகிய மூன்றும் தனி ஒருவர் வாங்கி வைத்தால் ஆண்டுக்கு ஒருமுறைதான் பயன்படும். ஊராட்சியிலோ உழவர் குழுவிலோ ஒரு செட் வாங்கி, பதிவேட்டில் கையொப்பம் பெற்றுக் கொடுத்து வாங்கினால் பலர் பயனடைவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு ஊரோடு இருக்கும் இளைஞர் ஒருவரிடம் அதன் பொறுப்பை விடலாம். மருந்தடிக்கும் பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் ஊரிலுள்ள விசைத் தெளிப்பான்களை ஒருங்கே கொணர்ந்து, மருந்துத் தொட்டியை நன்கு கழுவியபின், மேற்கண்ட முறைப்படியே அவற்றின் கரியையும் பேக்கிங்கையும் பார்த்துவிடலாம்.