அப்பா போட்ட கோடும் உங்க சம்பளமும்

1986-ல் ஏவி.எம். தயாரிப்பில் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தை டிவியில பார்த்திருப்பீங்க. விசு எழுதி, இயக்கி, அப்பா அம்மையப்ப முதலியாராகவும் நடித்த படம். கறார் அப்பா. பிள்ளைகள் மாசாமாசம் பணம் கொடுக்கணும், குடும்பத்தை அவர் நடத்துவார். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போனதும் மூத்த மகன் ரகுவரன் தன் பங்கைக் குறைக்கிறார். சண்டை முற்றி, வீட்டுக்கு நடுவுல கோடு விழுது.

இதுல யார் பக்கம் நியாயம்? ஆடிட்டர் கண்ணோட பார்த்தா, மகன் அதுவரை கொடுத்த பணத்துக்குப் பேரே வைக்கல. அப்பா அதைக் கடமைன்னு நினைச்சார். மகன் கோபம் வந்ததும் கடன் மாதிரி திருப்பிக் கேட்டார்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இன்னைக்கும் முதல் சம்பளம் அப்பா கைக்குப் போற வீடுகள் நிறைய. ஹார்பர்லயும் கம்பெனியிலயும் ஷிப்ட் பார்த்து வளர்த்தவர்கிட்ட கணக்கு கேட்க வாய் வராது. அதனால கொடுக்கும்போதே பிரிச்சுடுங்க.

உதாரணமா, சம்பளம் 35,000. அதுல வீட்டுக்கு 20,000.

• 12,000: வீட்டுச் செலவுப் பங்கு. திரும்ப வராது.
• 5,000: அப்பா அம்மாவுக்கு. இது அன்பளிப்பு. அவங்களுக்கு இதுக்கு வரி இல்லை, உங்களுக்கு வரிக்கழிவும் இல்லை. அதை எஃப்.டி.யில் போட்டா வட்டி அவங்க வருமானம்.
• 3,000: தங்கச்சி கல்யாணத்துக்கு. உங்க பேர்லயே ஆர்.டி. போடுங்க.

அப்பா கடனா கேட்டா, ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கடன்னா ரொக்கமா கொடுக்காதீங்க, வாங்குறவருக்கு அபராதம் வரலாம். பேங்க் வழியா அனுப்புங்க.

பழைய வரி முறையில இருந்தா, 60 வயசு தாண்டிய பெற்றோருக்கு நீங்க கட்டும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு வருஷம் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. புதிய முறையில இது கிடையாது.

ஒரு விஷயம், பழைய கணக்கைத் தோண்டாதீங்க. "அடுத்த மாசத்துல இருந்து இப்படிப் பிரிச்சுக்கலாமாப்பா?"ன்னு மட்டும் கேளுங்க. முதல்ல முறைப்பார். ரெண்டு மாசம் பணம் ஒண்ணாம் தேதி சரியா வந்தா, மூணாவது மாசம் அவரே டைரியில எழுத ஆரம்பிச்சுடுவார்.