கும்மி வட்டத்தில் பாட்டியும் பேத்தியும்



சென்ற திருவிழாவில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் இரண்டு இரவு கும்மி நடந்தது. அந்த இரண்டு இரவிலும் நான் கண்டதைச் சொல்லிவிட்டுப் பிறகு வைத்திய விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார்கள். வட்டத்தில் இருபது பேருக்குக் குறையாது. பாதிப் பேர் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். நிபோங் திபால் டவுனில் வேலை பார்ப்பவர்கள், படிக்கிறவர்கள். மீதிப் பேர் ஒரு காலத்தில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைத் தோப்பில் உதிரிப் பழம் பொறுக்கி, வேலை ஓய்வு பெற்ற தாய்மார்கள். ஒலிபெருக்கி அன்றைக்குப் பழுதாகிவிட்டதால் வாயாலேயே பாடினார்கள். மூத்த அம்மா ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடிக் கை தட்டினார்கள். பத்தேகால் மணிக்கு எண்ணிப் பார்த்தேன். இளம்பெண்களில் நான்கு பேர்தான் வட்டத்தில் நின்றார்கள். மற்றவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிமாரில் ஒருவர்கூட விலகவில்லை.

மறுநாள் ஒலிபெருக்கி சரியாகிவிட்டது. பையன்கள் சினிமாப் பாட்டைப் போட்டார்கள். அதே வாசல், அதே ஆட்கள். ஐந்தாறு நிமிடத்தில் பாட்டிமார் ஒவ்வொருவராக விலகி நாற்காலியைத் தேடினார்கள். இளசுகள் குதித்துத் தீர்த்துவிட்டார்கள். "வயசாயிடுச்சி பாட்டி, உக்காந்து பாருங்க" என்று ஒரு தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் சொன்னது பாதிதான் உண்மை.

முதல் நாள் உட்கார்ந்த பெண்களில் ஒருத்தி, தொடைப் பிடிப்புக்குத் தைலம் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "ஐயா, பாட்டிக்கு மட்டும் எப்படிய்யா முடியுது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் தசையில் இரண்டு வகை நார்கள் உண்டு. ஒன்று சட்டென்று இழுத்துச் சட்டென்று களைத்துப் போகும். குதிக்க, ஓட, பாரம் தூக்க அது வேண்டும். மற்றது மெதுவாக வேலை செய்யும்; நெடுநேரம் தாங்கும். நிற்க, நடக்க, மலைக்காட்டில் நாள் முழுக்க நிரை பிடித்துப் போக அது உதவும். முப்பது, நாற்பது வயதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. ஆனால் இரண்டு வகையும் ஒரே மாதிரி குறைவதில்லை. வேக நார்தான் அதிகமாய்ச் சுருங்குகிறது. ஆகவே பாட்டிக்குக் குதிக்க முடியாமல் போன பிறகும், நிதானமாய்க் காலெடுத்து வைத்து ஒரு மணி நேரம் சுற்றி வர முடிகிறது. கும்மியில் குதிப்பு இல்லை. குனிந்து, நிமிர்ந்து, தட்டி, ஓரடி முன்னே வைப்பதுதான் ஆட்டம்.

அடுத்தது இருதயம். ஒருவருடைய இருதயம் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கலாம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. 220இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். இருபது வயதுக்காரிக்கு 200. அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு 155. ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் போக்கு இதுதான். உச்சியே தாழ்ந்துவிட்டதால், ஒரே வேகத்தில் ஆடும்போது பேத்திக்கு அது பாதி வேலையாகவும் பாட்டிக்கு முக்கால் வேலையாகவும் இருக்கும். சினிமாப் பாட்டு இரவில் நடந்தது இதுதான். பாட்டியின் உற்சாகம் குறையவில்லை. வேகத்தை நிர்ணயிக்கும் உரிமை அவர் வாயிலிருந்து பெட்டிக்குப் போய்விட்டது.

வாயால் பாடி ஆடும் கும்மியில் வேகத்தைப் பிடித்திருப்பது பாடுகிற மூத்தவர். தனக்கு மூச்சு வாங்கினால் அவர் அடியை இழுப்பார், வட்டமும் இழுக்கும். மற்றவர்கள் திருப்பிப் பாடும்போது அவருக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காத வைத்தியம் இது. இன்றைய உடற்பயிற்சி நிபுணர்கள் "பேச்சுச் சோதனை" என்று ஒன்று சொல்கிறார்கள். பயிற்சியின்போது பாட முடிந்தால் வேலை லேசு. பேச முடிந்து பாட முடியாவிட்டால் நடுத்தரம். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாவிட்டால் கடுமை. நம் பாட்டிமார் ஆட்டத்துக்குள்ளேயே இந்தச் சோதனையை வைத்திருந்தார்கள். பாட்டு உடைந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

பழக்கத்தையும் மறந்துவிடக்கூடாது. பழகிய கால் வீணாக அசையாது. முதல் நாள் அந்தப் பெண்கள் தோளைத் தூக்கி, கையை விரித்து, தேவைக்கு இரட்டிப்பாய்ச் செலவழித்தார்கள். பாட்டிமார் முழங்கைக்குக் கீழேதான் கையை வீசினார்கள். இளம் வயதில் தெம்பு மிகுதி என்பது உண்மை. ஆனால் நாள் முழுக்க ஏர்கண்டிஷன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதும், இன்றைக்கும் விடியற்காலையில் வாசல் பெருக்கி, கீரைப் பாத்திக்குத் தண்ணீர் சுமக்கும் அறுபத்தைந்தும் பக்கத்தில் நிற்கும்போது, வயதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் வள்ளி ஒயில் கும்மி என்று ஒன்று உண்டு. முருகன் வள்ளி கதையைப் பாடிக்கொண்டே ஆடுவது. அதை நெடுங்காலமாகச் சொல்லிக் கொடுத்து வந்த பத்திரப்பன் என்ற பெரியவருக்கு 2024ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 87. ஆண்கள் ஆடிவந்த அந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தவர் அவர். அங்கே மூத்தவர் வாத்தியார். இங்கே நாம் மூத்தவருக்கு நாற்காலி போடுகிறோம்.

நாற்காலி போடுவதில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, வருஷா வருஷம் கும்மியில் முன்னால் நிற்பவர், முழங்கால் வலி என்று சொன்னதும் மகன் "இனிமே ஆட வேணாம், நடக்கவும் வேணாம்" என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார். பாசம்தான் காரணம். இரண்டு வருஷத்தில் தொடை மெலிந்து, சுவரைப் பிடித்து நடக்கும் நிலைக்கு வந்தார். ஒரு நாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆடாததால்தான் விழுந்தார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உட்கார்ந்த காலில் தசை தங்காது, நிலைதடுமாறாமல் நிற்கும் திறனும் தங்காது. தேய்ந்த முழங்காலுக்குக்கூட அளவான அசைவுதான் மருந்து. முழு ஓய்வு அல்ல. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசைக்கும் சேர்த்துப் பயிற்சி செய்ய வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் எழுதியிருக்கிறது. வட்டமாய்ச் சுற்றி, குனிந்து நிமிர்ந்து, கை தட்டுவதைவிட நல்ல சமநிலைப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

புத்திக்கும் நல்லது என்கிறார்கள். நியூயார்க்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைச் சில ஆண்டுகள் கவனித்து 2003இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அடிக்கடி நடனம் ஆடியவர்களிடம் ஞாபக மறதி நோய் குறைவாகக் காணப்பட்டதாம். ஆரோக்கியமானவர்கள்தான் ஆடப் போயிருப்பார்கள் என்று எதிர்வாதமும் உண்டு. எப்படியானாலும் நஷ்டம் இல்லை.

இனி, எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வுப்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. ஆகவே பத்துப் பாட்டிமார் கும்மியடிக்கும் வட்டத்தில் மூன்று நான்கு பேருக்காவது இனிப்புநீர் இருக்குமென்றே நான் கணக்கு வைக்கிறேன். திருவிழா அன்று விரதம் என்று சாப்பிடாமல் இருப்பார்கள். ஆனால் "மருந்தை விடக்கூடாது, டிரெஸர் திட்டுவார்" என்று மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வார்கள். நானே இதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போட்டுவிட்டு, சாப்பிடாமல் ஒரு மணி நேரம் ஆடினால் இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். சுற்றி இருப்பவர்கள் சாமி வந்துவிட்டது என்று நினைத்து விபூதி பூசுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அப்படி ஆனால், நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் சோறோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்குக் கூப்பிடுங்கள். விரதம் இருக்க நினைப்பவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே மருந்துச் சீட்டோடு என்னிடமோ கிளினிக்கிலோ வந்தால், அன்றைய மருந்தை என்ன செய்வதென்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லலாம்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் குனிந்து சட்டென்று நிமிரும்போது தலை சுற்றலாம். அவர்கள் இடுப்பை அதிகம் வளைக்காமல் ஆடட்டும். அட்டெனலால், மெட்டப்ரலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பை அடக்கி வைக்கும். ஆகவே மேலே சொன்ன 220 கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. பாட்டுச் சோதனைதான் சரி. வயதாக ஆகத் தாகம் தெரிவதும் குறையும். தாகம் எடுக்காவிட்டாலும் பாட்டுக்குப் பாட்டு இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். நீரிழிவுக்காரர் காலில் உணர்ச்சி குறைவாக இருக்கும். வெறுங்காலோடு ஆடிய இரவே உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். பட்டாசுத் துண்டும் உடைந்த கண்ணாடியும் வலிக்காமலே ஏறியிருக்கும்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை இருந்தால் அது வாயுப் பிடிப்பு என்று சோடா தேடாதீர்கள். உட்கார வைத்து உடனே 999.

தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. இருதயம் 200 வரை ஓடும் என்ற தைரியத்தில், மத்தியானத்திலிருந்து சம்சு குடித்துவிட்டு உறுமி மேளத்துக்கு முன்னால் மூன்று மணி நேரம் ஆடுகிறீர்கள். நம் ஊரில் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை வழியுமே தவிர, காய்ந்து உடம்பைக் குளிர்விக்காது. சாராயம் உடம்பிலுள்ள நீரையும் வெளியேற்றும். முந்தின வருஷத் திருவிழாவில் நான் வேனில் ஏற்றி சுங்கை பாக்காப் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது எந்தப் பாட்டியையும் அல்ல. முப்பது வயதுகூட ஆகாத ஒருவரை. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, ஆள் தெரியாமல் பேசினார். பிழைத்துக்கொண்டார்.

வரும் திருவிழாவுக்குக் கோயில் கமிட்டியாரிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். முதல் அரை மணி நேரம் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, தாய்மார்கள் வாயால் பாடிக் கும்மி அடிக்கட்டும். பெண்பிள்ளைகள் அந்தப் பாட்டுகளை இப்போதே கற்றுக்கொள்ளட்டும். பாட்டு தெரிந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் ஐந்து பேர்தான் மிச்சம். சினிமாப் பாட்டுக்கு அதன் பிறகு தாராளமாய் நேரம் இருக்கிறது. தலைவர் சரி என்று தலையாட்டினார். பையன்கள்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எப்படியிருந்தாலும் அன்று மாலை ஐந்து மணியிலிருந்து கோயில் பந்தலுக்குப் பக்கத்தில் என் மேசை இருக்கும். பிரஷர் பார்க்கும் மிஷின், சீனி பார்க்கும் மிஷின், ஒரு வாளி சீனித்தண்ணீர், கட்டுத்துணி எல்லாம் வைத்திருப்பேன். மேல் அளவு 180க்கோ கீழ் அளவு 110க்கோ போயிருந்தால் அன்று இரவு உட்கார்ந்து பாட்டு மட்டும் பாடுங்கள். மற்றவர்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரலாம்.