சமர்கந்தோடு திரும்பிவிடாதீர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வருகிற கோடையில் தாஷ்கந்த், சமர்கந்த், புகாரா என்று பயணம் போவதாக எழுதியிருந்தீர்கள். ஈரானுக்கு வெளியே பாரசீகம் பேசும் மக்களின் ஊரைப் பார்க்க சமர்கந்த் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது. சமர்கந்திலிருந்து கிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில், எல்லைக்கு அப்பால், தஜிகிஸ்தானில் பஞ்சகெந்த் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. சமர்கந்தின் நீலக் குவிமாடங்களைப் பார்த்துவிட்டு இந்த ஊரைப் பார்க்காமல் திரும்புகிறவர்களைப் பற்றி எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அதனால் இந்தக் கடிதம் நீள்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர் இருக்கும் இடம். வடக்கே துர்க்கிஸ்தான் மலைத்தொடர், தெற்கே ஸராஃப்ஷான் மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே பனியாற்றில் பிறந்து மேற்கு நோக்கி ஓடி வருகிறது ஸராஃப்ஷான் ஆறு. மலை இடுக்கை விட்டு அது சமவெளிக்கு வரும் வாயிலில் பஞ்சகெந்த். அதற்கப்பால் அதே தண்ணீர்தான் சமர்கந்தையும் புகாராவையும் வாழவைக்கிறது. கடைசியில் ஆமு தரியாவைச் சேராமலே பாலைவனத்தில் வற்றிப்போகிறது. ஊருக்குத் தெற்கே ஃபான் மலைகள். அவற்றின் மிக உயர்ந்த சிகரமான சிம்தர்கா 5,489 மீட்டர். இன்று ஊரில் ஏறக்குறைய 50,000 பேர் வசிக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும் பாதையும் ஆறும் ஒரே இடத்தில் வெளியே வருவதால், சமவெளிக்காரனுக்கும் மலைக்காரனுக்கும் இது எப்போதும் சந்தை ஊர்.

இந்த ஊர்க்காரர்கள் பேசும் தஜிக் மொழி பாரசீகமேதான். டெஹ்ரான்காரரும் பஞ்சகெந்த்காரரும் பேசினால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்கள். எழுத்துதான் வேறு. அரபு எழுத்தில் எழுதிவந்தவர்களை 1920களின் இறுதியில் லத்தீன் எழுத்துக்கும், 1940இல் ரஷ்ய சிரில்லிக் எழுத்துக்கும் மாற்றினார்கள். ஒரு தலைமுறை ஆயுளுக்குள் மூன்று எழுத்து! தாத்தா கைப்பட எழுதிய கடிதத்தைத் அந்தப் பழைய எழுத்தைத் தனியாகக் கற்றுக்கொண்டாலொழிய பேரனால் வாசிக்க முடியாது என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று பள்ளி ஆசிரியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஊர் இன்னும் பெரிய ஓர் இழப்பைத் தாண்டி வந்தது. அங்கேதான் உங்களை அழைத்துப்போக நினைக்கிறேன்.

இன்றைய ஊரின் தென்கிழக்கு ஓரத்து மேட்டில் பழைய பஞ்சகெந்த் கிடக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் எழுந்த நகரம். மதிலுக்குள் 13, 14 ஹெக்டேர்தான் இருக்கும். அதற்குள் இரண்டு கோயில்கள், நெருக்கமான தெருக்கள், சில தெருக்களுக்கு மேலேயே வளைவுக் கூரை, இரண்டு மூன்று அடுக்கு மண் வீடுகள், வீடுகளை ஒட்டிக் கடைகளும் பட்டறைகளும். வாழ்ந்தவர்கள் சோக்தியர்கள். அவர்கள் மொழி பாரசீகத்துக்கு உறவு, ஆனால் தனி மொழி. சீனத்துக்கும் மேற்குக்கும் இடையே வணிகம் செய்தவர்கள். நம் பக்கமும் வந்திருக்கிறார்கள்: சிந்து நதியின் மேல் பள்ளத்தாக்கில் ஷாதியால் என்ற இடத்தில், பாறைகளில் அவர்கள் செதுக்கிவிட்டுப் போன பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

8ஆம் நூற்றாண்டுப் பஞ்சகெந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில் சுவரோவியம் இருந்தது. அரண்மனையில் ஓவியம் இருப்பது உலகத்தில் எங்கும் உள்ளதுதான். வணிகர் வீட்டுக் கூடத்தில் தரையிலிருந்து கூரைவரை ஓவியம் என்பது வேறு. நான்கு மரத்தூண்கள் தாங்கும் சதுரக் கூடம், சுவரை ஒட்டிச் சுற்றிலும் மண் திண்ணை. வாசலுக்கு எதிர்ச்சுவரில் வீட்டுத் தெய்வம் பெரிதாக. மற்றச் சுவர்களின் நடுப்பட்டையில் வீரர்களின் காவியக் கதைகள். அதற்கும் கீழே, திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்தவரின் தலையருகில், சின்னச் சின்னச் சட்டங்களுக்குள் நீதிக்கதைகள்.

நடுப்பட்டைக் கதைகளில் மிகப் புகழ்பெற்றது ருஸ்தமின் கதை. சிவந்த குதிரை ரக்ஷின்மேல் ஏறி, அவன் பறவைநாகத்தோடும் அசுரர்களோடும் மோதும் காட்சிகள், ஆழ்ந்த நீலப் பின்னணியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. வரைந்த காலம் 740ஐ ஒட்டியது. ஃபிர்தௌசி ஷாநாமாவை முடித்தது 1010இல். அதாவது, பாரசீகத்தின் மாபெரும் காவியம் எழுதப்படுவதற்கு 270 ஆண்டுகளுக்கு முன்பே அதன் நாயகன் இந்தச் சிற்றூர் வீட்டுச் சுவரில் குதிரையேறிவிட்டான். பாரசீக மரபு ஈரானில் பிறந்து வெளியே பரவியது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பஞ்சகெந்தைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல மனம் வராது.

என்றாலும் ருஸ்தமைவிட என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது கீழ்வரிசைதான். அங்கே கிணற்றுக்குள் தன் நிழலைப் பார்த்துப் பாயும் சிங்கமும், அதை ஏமாற்றிய முயலும் இருக்கின்றன. செத்த மிருகத்துக்கு உயிர் கொடுத்து அதற்கே இரையான படித்த முட்டாள்கள் இருக்கிறார்கள். நீங்கள் வகுப்பில் சொல்லும் அதே பஞ்சதந்திரக் கதைகள்! இன்னொரு சட்டத்தில் பொன் முட்டையிட்ட பறவை. அது ஈசாப்பின் கதைகளோடு மேற்கிலிருந்து வந்தது. இந்தியாவின் கதையும் கிரேக்கத்தின் கதையும் ஒரே ஊரின் வீட்டுச் சுவர்களில் இடம்பிடிக்கின்றன. விருந்துக்கு வந்தவர்கள் அவற்றைக் காட்டிக் காட்டிப் பேசியிருப்பார்கள், வீட்டுப் பிள்ளைகள் அவற்றைப் பார்த்தே வளர்ந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது, எத்தனையோ அரசர் வரலாறுகளைவிட அந்தக் கூடங்கள் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

தெய்வங்களும் அப்படித்தான். மெசபொடேமியாவிலிருந்து வந்த நனா தேவிக்கு இங்கே நான்கு கைகள், வாகனம் சிங்கம். வேஷ்பர்கர் என்ற தெய்வத்துக்கு மூன்று தலைகள், கையில் திரிசூலம். சோக்தியர்கள் தங்கள் தெய்வத்துக்குச் சிவனின் உருவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கோயில் ஒன்றில் காளைமேல் அமர்ந்த சிவன் பார்வதியின் களிமண் சிற்பமே கிடைத்தது.

722இல் இந்த நகரம் எரிந்தது. ஆட்சியாளன் தேவாஷ்திச், தன்னை சோக்தியானா முழுவதற்கும் அரசன் என்று அறிவித்துக்கொண்டவன். அரபுப் படை நெருங்கியபோது தன் மக்களோடு ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறி, முக் மலைக் கோட்டையில் தஞ்சம் புகுந்தான். பிடிபட்டான், கொல்லப்பட்டான். அவன் கொண்டுபோன காகிதங்கள் அங்கேயே புதைந்தன. 1932இல் ஆட்டிடையர் ஒருவர் கையில் ஒரு கூடை தட்டுப்பட்டது. அதற்குள் ஓர் ஆவணம். அடுத்த ஆண்டு சோவியத் அறிஞர் ஃப்ரைமான் தலைமையில் அங்கே தோண்டியபோது தோலிலும் காகிதத்திலும் மரக்குச்சியிலும் எழுதிய ஆவணங்கள் எழுபதுக்கும் மேல் கிடைத்தன. அரபு ஆளுநருக்கு தேவாஷ்திச் அரபியில் எழுதிய கடிதம் ஒன்றும் அவற்றில் உண்டு. அதை அரபு மொழி அறிஞர் கிராச்கோவ்ஸ்கி படித்துச் சொன்ன பிறகுதான் இது யாருடைய ஆவணக் காப்பகம் என்பதே தெரிந்தது.

அவற்றுள் 710ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. மணமகள் பெயர் சாத், மணமகன் உத்தெகின். அவளுடைய சம்மதமின்றி அவன் வேறு மனைவியோ ஆசைநாயகியோ வைத்துக்கொண்டால் 30 திர்ஹம் கொடுக்க வேண்டும். மனைவி வேண்டாமென்று அவன் முடிவு செய்தால் அவளுடைய உடைமைகளோடு அனுப்ப வேண்டும். கணவன் வேண்டாமென்று அவள் முடிவு செய்தாலும் போகலாம். அவன் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டால் போதும். ஆலைகளைக் குத்தகைக்கு விட்ட பத்திரம், கல்லறைக்கு இடம் விற்ற பத்திரம் எல்லாம் இருக்கின்றன. எனக்கு அந்தத் திருமண ஒப்பந்தம்தான் மறப்பதில்லை.

எரிந்த பிறகும் மக்கள் திரும்பி வந்தார்கள். ருஸ்தம் கூடம் அப்படித் திரும்பி வந்தவர்கள் வரைந்தது. ஆனால் 770களில் மேட்டைக் கைவிட்டுக் கீழே ஆற்றோரமாக இறங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் மேட்டின்மேல் யாரும் புதிதாக ஊர் கட்டவில்லை. அதனால்தான் நமக்கு ஒரு முழு நகரமும் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடைத்தது. தீயில் கரிந்த மரச் சிற்பங்கள், கரியாகிப் போனதாலேயே மக்காமல் தப்பின. இடுப்பை ஒசித்து நிற்கும் நாட்டியப் பெண்ணின் கரிச்சிற்பம் அவற்றில் ஒன்று.

சோக்திய மொழிதான் தப்பவில்லை. அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் புகாராவிலிருந்து ஆண்ட சமானிய அரசர்களின் காலத்தில் பாரசீகம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. இன்று அதன் ஒரே வாரிசு, ஸராஃப்ஷானின் கிளைப் பள்ளத்தாக்கான யக்னோபில் பேசப்பட்ட யக்னோபி. 1970, 71இல் சோவியத் அரசு அந்த மலைமக்களை மொத்தமாகக் கிளப்பி, சமவெளியின் பருத்திக் காடுகளுக்கு அனுப்பியது. சிலர் பிற்பாடு திரும்பிப்போனார்கள். நடந்தது ஒரு பெரும் அநியாயம்.

மொழி மாறியபோதும் கதை மாறவில்லை என்பதற்கு ஊருக்கு ஒரு சாட்சி இருக்கிறார்: ரூதகி. பாரசீகக் கவிதையின் தந்தை என்று போற்றப்படுபவர். 858ஐ ஒட்டி, பஞ்சகெந்தை அடுத்த மலைக்குள் பஞ்ச்ரூத் என்ற கிராமத்தில் பிறந்தார். புகாரா அரசவையில் புகழ்பெற்று 941இல் மறைந்தார். அவர் செய்த பெரிய வேலைகளில் ஒன்று கலீலா வ திம்னாவைப் பாரசீகச் செய்யுளில் பாடியது. அது வேறெதுவுமில்லை, பஞ்சதந்திரம்தான். 6ஆம் நூற்றாண்டில் சமஸ்கிருதத்திலிருந்து இடைக்காலப் பாரசீகமான பஹ்லவிக்கும், 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா கையால் அரபிக்கும் போய், சுற்றிவந்து இவரிடம் சேர்ந்தது. சோக்தியர் சுவரில் வரைந்த முயலை, சில தலைமுறை கழித்து அதே ஆற்றுப்பக்கத்துப் பிள்ளை பாரசீகத்தில் பாடினார். அந்தச் செய்யுளில் இன்று சிதறிய வரிகள்தான் மிச்சம். அவர் பிறந்த ஊரை உறுதிசெய்தவர் எழுத்தாளர் சத்ருத்தீன் அய்னி. 1956இல் அங்கே கல்லறையைத் திறந்து, மண்டையோட்டை வைத்து முகத்தை வடித்தார் மானுடவியலாளர் கெராசிமோவ். பஞ்ச்ரூதில் இன்று நினைவுமண்டபம் இருக்கிறது.

பழைய நகரத்தில் அகழ்வு தொல்லியலாளர் யாகுபோவ்ஸ்கி தலைமையில் 1940களில் தொடங்கியது. பிறகு பெலெனித்ஸ்கி, அவருக்குப் பிறகு போரிஸ் மார்ஷக். கோடைதோறும் வந்து தோண்டினார் மார்ஷக். 2006இல் அகழ்வுக் காலத்திலேயே பஞ்சகெந்தில் இறந்தார். விருப்பப்படி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். காய்ந்த மண்பூச்சின்மேல் பசைக் கலவையால் தீட்டிய அந்த ஓவியங்களைப் பிசின் ஊட்டி, பெயர்த்தெடுத்து, காப்பாற்றித் தந்தவர்கள் இவர்கள்தான். ஆனால் காப்பாற்றிய ஓவியங்களில் பெரும்பகுதி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கொஞ்சம் தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயில். காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே, ஒரு கூடத்து ஓவியங்களாவது பிறந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஊருக்கு மேற்கே 15 கிலோமீட்டரில் சராஸ்ம் இருக்கிறது. கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டில் தொடங்கிய குடியிருப்பு. 1976இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2010இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. தஜிகிஸ்தானுக்கு அதுதான் முதலாவது. பொன்னும் நீலமணியும் சூதுபவளமும் அணிந்து புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கல்லறை அங்கே கிடைத்தது. அவள் கையில் கடற்சங்கு வளையல். எந்தக் கடலும் அருகில் இல்லாத ஊர் அது. பழைய பஞ்சகெந்துக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது 2023இல், பட்டுப்பாதையின் ஸராஃப்ஷான்-கராகும் வழித்தடத்தின் பகுதியாக.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மேட்டுக்கு நேராகப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். தோண்டிய மண்சுவர்கள் மழையிலும் பனியிலும் கரைந்து, பார்வைக்கு வெறும் திட்டுகளாகத் தெரியும். முதலில் ஊருக்குள் ரூதகி பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1958இல் அவருடைய 1100ஆம் ஆண்டையொட்டி அமைந்தது அது. அங்கே கூடத்தின் அமைப்பையும் ஓவியப் படிகளையும் மனதில் வாங்கிக்கொண்டு, மாலையில் மேடு ஏறுங்கள். அப்போது சுவர் எது, திண்ணை எது என்று கண்ணுக்குப் பிடிபடும்.

2010இல் மூடப்பட்ட சமர்கந்த்-பஞ்சகெந்த் எல்லைச் சாவடி 2018இல்தான் மறுபடி திறந்தது. நடுவிலிருந்த எட்டு ஆண்டுகளும் பக்கத்து ஊருக்குப் போக வேறு சாவடி தேடி மலையைச் சுற்றவேண்டியிருந்தது. இரு பக்கமும் உறவுக்காரர்கள் உள்ள ஊர்கள் இவை. இப்போது காலையில் கிளம்பினால் சாப்பாட்டு வேளைக்குள் போய்விடலாம். இரண்டு நாள் ஒதுக்குங்கள். தஜிகிஸ்தானுக்கு இணையத்திலேயே விசா கிடைக்கும். உஸ்பெகிஸ்தானுக்கு மட்டும் ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் சமர்கந்துக்குத் திரும்ப முடியாது.

அன்புடன்.